சாலையோர நினைவுக்கல்லும் திருச்சபை வரலாறும்

யோசுவா கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டியது, பிற்காலப் பிள்ளைகள் அவற்றின் பொருளை வினவவேண்டும் என்பதற்காகவே. அமெரிக்காவின் மேற்கில், வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா மாவட்டத்திலும் அத்தகைய வினாவுக்குரிய நினைவுத்தூண் ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. 1897இல் எழுப்பப்பட்ட அது, மருத்துவ அருட்பணியாளர் மார்க்கஸ் விட்மனை நினைவுகூர்கிறது.

மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அருட்பணியாளரை அனுப்பிய அமெரிக்கன் போர்டே அவரையும் அனுப்பியது. 1836இல் அவரும் துணைவியார் நார்சிசாவும் கேயூஸ் மக்களின் நிலத்தில் பணித்தளம் அமைத்தனர். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் குடியேறிகள் வண்டிகளில் மேற்கே வர விட்மன் துணைநின்றார். பணித்தளம் அவர்களுடைய தங்குமிடமாயிற்று. நிலம் பறிபோகுமோ என்று கேயூஸ் மக்கள் அஞ்சினர்.

1847இல் பரவிய தட்டம்மை அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொண்டுசென்றது. விட்மன் இரு சாராருக்கும் மருத்துவம் செய்தார். நோய் எதிர்ப்பு ஆற்றல் பெற்றிருந்த வெள்ளையர் பலர் பிழைத்தனர்; கேயூஸ் பிள்ளைகளோ மடிந்தனர். நஞ்சூட்டினார் என்ற ஐயம் எழுந்தது. நோயாளி இறப்பின் மருத்துவனின் உயிரைக் கேட்பது அவர்களது வழக்கம். நவம்பர் 29 அன்று தொடங்கிய தாக்குதலில் விட்மன் தம்பதியர் உட்படப் பதின்மூவர் கொல்லப்பட்டனர். 1850இல் கேயூஸ் ஆடவர் ஐவர் தூக்கிலிடப்பட்டனர்.

விட்மனின் தியாகத்தை நாம் சிறிதாக்கவேண்டியதில்லை. ஆயினும் 1897இல் தூண் எழுப்பியோர் தம்மவரையே எண்ணினர்; அம்மையில் மாண்ட பிள்ளைகளை எண்ணவில்லை. இன்று அவ்விடத்துக் காட்சியகம் இரு சாராரின் துயரத்தையும் எடுத்துரைக்கிறது. நம் ஆலயச் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளை வாசிக்கும்போது, அவற்றில் பெயர் பொறிக்கப்படாதவர் யாவர் என்றும் வினவுவோமாக. அவ்வினா நம் முன்னோரை இகழ்வதன்று. ஒருவரையும் மறவாத ஆண்டவர்முன் நம் வரலாற்றை உண்மையாக அறிக்கையிடுவதாகும்.