விண்வெளியின் மௌனம்

1950ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலே, நண்பகல் உணவின்போது, பௌதிக விஞ்ஞானி என்றிக்கோ பேர்மி தம் நண்பர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். வேற்றுலகத்தார் உளராயின், அவர்கள் எல்லோரும் எங்கே என்பதே அக்கேள்வி. கேட்டிருந்தோர் நகைத்தனர். நகைப்பு அடங்கிற்று, கேள்வி அடங்கவில்லை.

அக்கேள்விக்கு வலிமை தருவது காலக் கணக்கே. நமது பால்வெளி மண்டலத்தில் பதினாயிரங் கோடிக்குக் குறையாத விண்மீன்கள் உள்ளன. அதன் குறுக்களவு ஏறக்குறைய ஓர் இலட்சம் ஒளியாண்டு. ஒளியின் வேகத்தில் நூற்றிலொரு பங்கு வேகத்தோடு செல்லும் கலமும் அதனை ஒரு கோடி ஆண்டுகளிற் கடந்துவிடும். பால்வெளியின் வயதோ ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கும் மேல். நமக்கு முன்னர் தோன்றிய அறிவுடை இனம் ஏதேனும் இங்கு வந்து சேரப் போதிய காலம் இருந்தது. எனினும் வந்தமைக்கு அடையாளம் எதுவும் கிடைத்திலது.

வராவிடினும் அவர்கள் பேசக்கூடுமன்றோ? 1959 இல் கொக்கோனி, மொறிசன் என்னும் விஞ்ஞானிகள் இருவர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐதரசன் அணுக்கள் வெளிவிடும் 21 சதமமீற்றர் அலையை எவ்வுலகத்து விஞ்ஞானியும் அறிந்திருப்பார்; ஆதலால் அங்கேயே செவிசாய்த்தல் வேண்டும் என்றனர். அதே எண்ணத்தைத் தாமாகவே கொண்டிருந்த பிராங் டிறேக் என்னும் இளைஞர், 1960 ஏப்பிரலில், கிறீன் பாங்க் என்னுமிடத்திலிருந்த 85 அடி வானொலித் தொலைகாட்டியை அண்மையிலுள்ள இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். செய்தி எதுவும் வரவில்லை.

பின்னர் வந்த தேடல்களில் நம்பிக்கையூட்டிய சம்பவங்கள் இல்லாமலில்லை. 1967 இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொசலின் பெல், 1.33 செக்கனுக்கு ஒருமுறை ஒழுங்காகத் துடிக்கும் வானொலி அலையைக் கண்டார். அது சுழலும் நியூத்திரன் விண்மீனின் துடிப்பென்பது பின்னர் தெளிவாயிற்று. 1977 ஓகஸ்ட் 15 இல் ஒகையோவில் 72 செக்கன் நீடித்த வலிய அலையொன்று பதிவாயிற்று. மீண்டும் மீண்டும் தேடியும் அது திரும்பக் கேட்கவில்லை.

இம்மௌனத்துக்குக் காரணம் யாது? நேயர்களே, இவ்வுரை உங்கள் செவியில் விழுவதற்கு, குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் உங்கள் வானொலிப் பெட்டி திறந்திருத்தல் வேண்டும். முள்ளைச் சற்றே நகர்த்தினால் உரை இல்லை. நிலையமே இல்லையென்று எவரும் முடிவுசெய்வதில்லை. விண்வெளியிலோ திசைகளும் அலைவரிசைகளும் எண்ணிறந்தன. 2018 இல் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தார் செய்த கணிப்பின்படி, தேடவேண்டியது உலகச் சமுத்திரங்களாயின், இதுவரை தேடியது ஒரு சிறு நீச்சற் குளத்து நீரே.

வேறொரு காரணமும் கூறுவர். பூமியின் 450 கோடி ஆண்டு வரலாற்றின் பெரும்பகுதியில் நுண்ணுயிர்களே வாழ்ந்தன. வானொலியை ஆக்கிய அறிவு தோன்றி நூற்றாண்டு ஒன்றுக்குச் சிறிதே மேலாகின்றது. உயிர் பல இடங்களில் இருந்தாலும், அறிவு அரிதாயிருக்கலாம்.

மூன்றாவது காரணமே நெஞ்சை உறுத்துவது. 1961 இல் கிறீன் பாங்கிற் கூடிய சிறு மாநாட்டுக்கென டிறேக் ஒரு சமன்பாட்டை வகுத்தார். பேசவல்ல நாகரிகங்களின் தொகையை மதிப்பிடும் அச்சமன்பாட்டின் இறுதிக் காரணி, ஒரு நாகரிகம் எத்தனை ஆண்டு நிலைத்திருக்கும் என்பதாகும். அம்மாநாட்டில் இருந்தவர்களுள் மொறிசனும் ஒருவர். அவர் அணுகுண்டு ஆக்கத்திற் பங்குகொண்டவர். போர் முடிந்தபின் கிறோசிமாவின் அழிவை நேரிற் கண்டவர். பேர்மி தம் கேள்வியை எழுப்பிய லொஸ் அலமொசும் அக்குண்டு உருவான இடமே. நாகரிகங்கள் தம் ஆற்றலாலேயே விரைந்து அழியுமாயின், ஒன்று பேசும் காலத்தில் மற்றொன்று கேட்பதற்கு இராது. வானம் மௌனமாகவே இருக்கும்.

இம்மூன்றில் எது உண்மையென்று எவரும் நிறுவவில்லை. முதலிரண்டும் இயற்கையைப் பற்றியவை. அவற்றை நாம் மாற்றல் இயலாது. மூன்றாவதோ, நம்மளவில் நம் கையிலேயே உள்ளது. என்றேனும் ஒருநாள் ஒரு குரல் வருமாயின், அதனைக் கேட்பதற்கு நாம் இருத்தல் வேண்டும்.