விளையாடாதவர்களின் விளையாட்டு

ஜப்பானியரின் பழைய சீட்டுக்கட்டு ஒன்றில் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. மாதத்துக்கு நான்கு சீட்டு வீதம், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒவ்வொரு செடியும் பூவுமாக 48 சீட்டுகள். ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ. 'ஹனாஃபுடா' என்று அதற்குப் பெயர். 'பூச்சீட்டு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1889-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரத்தில் புஸாஜிரோ யமௌச்சி என்பவர் இந்தச் சீட்டுகளைக் கையால் செய்து விற்பதற்கு ஒரு கடை வைத்தார். அந்தக் கடைதான் பிற்காலத்தில் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கட்டிப் போட்ட நின்டெண்டோ கம்பெனி.

குழந்தைகளைக் கட்டிப் போட்ட கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதே கம்பெனி கிழவர்களையும் கிழவிகளையும் நாற்காலியை விட்டு எழுப்பிய கதை ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது வியாபாரக் கதை போலத் தோன்றும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிற கதையும்கூட.

அந்தக் கம்பெனியில் 1965-ஆம் ஆண்டு குன்பே யோகோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு அச்சடிக்கும் யந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருடைய உத்தியோகம். யந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் பழுது பார்ப்பவருக்கு என்ன வேலை? பொழுது போகாமல், மடக்கினால் சுருங்கி விரித்தால் நீளும் கைபோன்ற ஒரு விளையாட்டுச் சாமானைச் செய்துகொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமௌச்சி அதைப் பார்த்துவிட்டார். சீட்டுக் கிழித்து வீட்டுக்கு அனுப்புவார் என்று நினைத்தால், "இதை விற்பனைக்குத் தயார் செய்" என்று சொல்லிவிட்டார்! 1966-இல் அது கடைக்கு வந்து அமோகமாக விற்றது. யோகோயும் அன்று முதல் விளையாட்டுச் சாமான் சிற்பியாகிவிட்டார்.

இவருக்கு ஒரு கொள்கை உண்டு. புத்தம் புதிய, விலை உயர்ந்த தொழில் நுணுக்கத்தைத் தேடி ஓட வேண்டாம். எல்லோரும் பழகித் தேய்த்து, மலிந்துபோன ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை யாரும் நினையாத காரியத்துக்குப் பயன்படுத்து என்பார். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்குப் போடும் யந்திரத்தின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாராம். அந்த மலிவான கணக்கு யந்திரத்தின் உறுப்புகளைக் கொண்டே 1980-இல் சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவியைச் செய்துவிட்டார். 1997-இல் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் கொள்கை இறக்கவில்லை.

இதற்கிடையில் விளையாட்டு உலகத்தில் வேறொரு காரியம் மெல்ல நடந்துகொண்டிருந்தது. 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட வீட்டுக் கருவியின் கைப்பிடியில் சிலுவை வடிவத்தில் ஒரு விசை, பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஆட்டத்துக்கு அவ்வளவுதான் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும். அந்தக் குழந்தை வளர்ந்தது. அதற்கு அலுப்புத் தட்டாதிருக்க, கம்பெனிகள் பொத்தான்மேல் பொத்தானாகச் சேர்த்தன. இருபது ஆண்டுகளில் கைப்பிடி இரண்டு கைக்கும் இரண்டு குச்சி, விரல் விரலுக்குப் பொத்தான், முதுகுப் பக்கத்திலும் பொத்தான் என்று ஒரு டஜனைத் தாண்டிவிட்டது. கூடவே வளர்ந்தவர்களுக்கு அது சுமையாகத் தெரியவில்லை. வெளியில் நின்றவர்களுக்கோ அது பூட்டிய கதவு. மகன் விளையாடுவதைப் பார்த்து ஆசையோடு கையில் வாங்கிய தாய், எதை அழுத்துவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "எனக்கெல்லாம் இது வராதப்பா" என்பாள். வராதது அவளுடைய குற்றம் என்றே எல்லோரும் எண்ணினார்கள்; அவளும் எண்ணினாள்.

2002-ஆம் ஆண்டில் ஸடோரு இவாட்டா நின்டெண்டோவின் தலைவரானார். பரம்பரை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். தாமே கணினிக்கு நிரல் எழுதிப் பழகியவர். அவர் பொறுப்பேற்றபோது கம்பெனியின் நிலைமை நன்றாயில்லை. 2001-இல் அது வெளியிட்ட கருவி மொத்தத்தில் 2 கோடியே 17 லட்சம் விற்றது. எதிராளியான ஸோனியின் கருவியோ 15 கோடிக்கு மேல் விற்றது. இந்த நிலையில் சாதாரண வியாபாரி என்ன செய்வான்? எதிராளியைக் காட்டிலும் வேகமான யந்திரத்தைச் செய்து, அவனுடைய வாடிக்கைக்காரர்களை இழுக்கப் பார்ப்பான். இவாட்டா வேறு கேள்வி கேட்டார். விளையாடுகிறவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதல்ல. விளையாடாதவர்கள் ஏன் விளையாடவில்லை?

கம்பெனியின் தலைசிறந்த விளையாட்டுச் சிற்பி ஷிகேரு மியாமோட்டோவின் வீட்டிலேயே அந்தக் கேள்விக்கு ஒரு சாட்சி இருந்தார், அவருடைய மனைவி. உலகமெல்லாம் கணவருடைய விளையாட்டுகளைக் கொண்டாடியபோது, அம்மையாருக்கு அவற்றில் சிரத்தையே இல்லை. மனைவியின் ஆர்வம் எவ்வளவு ஏறுகிறது என்பதைத் தாம் ஓர் அளவுகோலாகவே வைத்துக்கொண்டதாக 2007-இல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் நடந்த மாநாட்டில் மியாமோட்டோ வேடிக்கையாகச் சொன்னார். 2005-இல் வந்த நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டுக்கு அளவுகோல் சற்று ஏறியது. அதே ஆண்டு, டொஹோகு பல்கலைக்கழகத்து ரியூட்டா கவாஷிமாவின் பெயரோடு வந்த மூளைப் பயிற்சி விளையாட்டுக்கு இன்னும் ஏறியது. சின்னச் சின்னக் கணக்கு, வாய்விட்டு வாசித்தல்; இவைதான் அதில் விளையாட்டு. ஜப்பானில் நரைத்த தலைகள் பல அதை வாங்கின.

அடுத்த அடிதான் பெரிய அடி. 2006 நவம்பர் 19-ஆம் தேதி அமெரிக்காவில் 'வீ' என்ற கருவி விற்பனைக்கு வந்தது. 'நாம்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அது. பெயரிலுள்ள இரண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மனிதர்களைப் போல இருக்கும் என்றும் கம்பெனி விளக்கம் சொன்னது. கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குக் குழந்தைகள் வழங்கும் வேறோர் அர்த்தமும் உண்டு. நமக்குச் சிரிப்பு வராது. பழந்தமிழில் 'வீ' என்றால் பூ. பூச்சீட்டு விற்ற கடைக்கு அந்தப் பெயர் தற்செயலாகவே பொருந்தியிருக்கிறது.

விலை 250 டாலர். அதே மாதத்தில் வந்த ஸோனியின் கருவிக்கு 500, 600 டாலர். வீயின் உள்ளே இருந்த யந்திரம் எதிராளிகளுடையதைவிடச் சக்தி குறைந்தது. விசேஷமெல்லாம் அதன் கைப்பிடியில்தான். பார்ப்பதற்குத் தொலைக்காட்சி ரிமோட் மாதிரி நீளமான வெள்ளைக் குச்சி. வீட்டில் யாரும் பயப்படாமல் கையில் எடுக்கும் யந்திரம் ரிமோட் ஒன்றுதான் அல்லவா? அந்தக் குச்சிக்குள்ளே ஒரு சின்ன சிலிக்கன் துண்டு, மயிரிழை போன்ற வில்களில் தொங்குகிறது. பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் பிரயாணி முன்னால் சாய்கிறார் அல்லவா? அதேபோல் கையை வீசினால் அந்தத் துண்டு அசைகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதை மின்சாரக் கணக்காக யந்திரம் தெரிந்துகொள்கிறது. மோதலின்போது மோட்டார் காரில் காற்றுப்பை விரிவதற்காக ஏற்கெனவே வழக்கத்திலிருந்த வகைதான் அது. தொலைக்காட்சிக்கு மேலே வைக்கும் பட்டையோ வெறும் அகச்சிவப்பு விளக்குகள். குச்சியின் நுனியிலுள்ள காமிரா அவற்றைப் பார்த்துத் தான் எங்கே குறிவைக்கிறது என்பதை அறிகிறது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும்! யோகோயின் கொள்கை அவர் இறந்த பிறகு இப்படிப் பலித்தது.

ஜப்பான் முதலிய சில இடங்கள் நீங்கலாக மற்ற நாடுகளில் கருவியோடு ஒரு விளையாட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். டென்னிஸ், பேஸ்பால், கால்ஃப், குத்துச்சண்டை, பௌலிங் ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னது கிரிக்கெட்டில் பந்து வீசுவதல்ல. நீண்ட மரத் தளத்தில் கனத்த பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். உண்மையான பந்து ஏழு கிலோ வரையில் கனக்கும். இங்கே கையிலிருப்பதோ சின்னக் குச்சி. பொத்தானை அழுத்திக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசி, விரலைத் தளர்த்தினால் திரையில் பந்து உருள்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் ஆடலாம்.

ஆரம்பத்தில் சிலர் விரலைத் தளர்த்துவதற்குப் பதில் குச்சியையே விட்டுவிட்டார்கள். மணிக்கட்டில் மாட்டும் கயிறும் அறுந்து, குச்சி தொலைக்காட்சியின் கண்ணாடியில் போய் மோதியது. 2006 டிசம்பரில் கம்பெனி 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது. யந்திர விளையாட்டில் இவ்வளவு தூரம் மெய்ம்மறந்து கையை வீசுவார்கள் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை போலும்.

2007-இன் தொடக்கத்திலேயே ஒரு செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. சிகாகோ நகருக்கு வடக்கே லிங்கன்ஷயரில் ஸெட்ஜ்புரூக் என்ற முதியோர் குடியிருப்பு. அங்கே எழுபதைத் தாண்டியவர்கள் கூடி வீயில் பௌலிங் பந்தயம் நடத்தினார்கள். பிறகு பல முதியோர் இல்லங்களில் இது பரவியது. இல்லத்துக்கு இல்லம் போட்டி, கோஷ்டிக்குப் பெயர், ஒரே நிறச் சட்டை, கோப்பை என்றெல்லாம் வளர்ந்தது.

ஏன் பௌலிங்? இங்கேதான் கதையின் ரகசியம் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வாலிபராயிருந்த அமெரிக்கர்களுக்கு அது சாதாரணப் பொழுதுபோக்கு. தொழிற்சாலைக்கு ஒரு கோஷ்டி, தேவாலயத்துக்கு ஒரு கோஷ்டி என்று வாரம் தவறாமல் ஆடியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பிறகு அந்தக் கோஷ்டிகள் தேய்ந்தன. ராபர்ட் புட்னம் என்ற அறிஞர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அமெரிக்க சமூக வாழ்வு தளர்ந்துபோனதற்கு இதையே அடையாளமாகக் காட்டினார். கோஷ்டி போயிற்று, தோளும் முழங்காலும் போயின, ஏழு கிலோப் பந்தைத் தூக்கும் வலுவும் போயிற்று. போகாமல் மிஞ்சியது ஒன்று உண்டு. அது அந்தக் கைவீச்சு. கோலம் போட்டுப் பழகிய பாட்டிக்குக் கண் மங்கினாலும் விரலிடுக்கில் மாவு ஒழுங்காக இறங்குகிறதே, அது மாதிரி. வீ அந்தப் பெரியவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் கை அறிந்திருந்ததை யந்திரம் கற்றுக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

வீ மொத்தம் 10 கோடியே 16 லட்சம் விற்றது. வைத்தியர்களும் விடவில்லை. பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுக்க அது மருத்துவமனைக்குள் நுழைந்தது. அதிசயக் குணம் தருகிறது என்று பேச்சு எழுந்தது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளிகளைக் கொண்டு சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு, பாதிப் பேருக்கு வீ. மற்றவர்களுக்குச் சீட்டாட்டம் போன்ற எளிய விளையாட்டுகள். இரண்டு சாராருக்கும் கை தேறியது. வீ ஆடியவர்களுக்கு அதிகமாக ஒன்றும் தேறிவிடவில்லை. 1889-இல் அந்தக் கடை விற்ற சரக்கும் 2006-இல் விற்ற சரக்கும் நோயாளியின் கைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே போய்விட்டன!

வியாபார வெற்றியும் நிலைக்கவில்லை. 2010-இல் ஸோனி ஒரு குச்சியைக் கொண்டுவந்தது. மைக்ரோஸாஃப்ட், குச்சியே வேண்டாம், உடம்பை அசைத்தால் போதும் என்று ஒரு காமிராவைக் கொண்டுவந்தது. அது முதல் அறுபது நாளில் 80 லட்சம் விற்றது. 2017-இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. நின்டெண்டோ 2012-இல் வெளியிட்ட அடுத்த கருவி 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றது. பெரியவர்களுக்குப் பௌலிங் ஆட ஒரு பெட்டி இருந்தது. இன்னொரு பெட்டி எதற்கு? ஆண்டுக்கொரு புதுமை கேட்கும் வாடிக்கைக்காரர்கள் அல்லர் அவர்கள். 2014-இல் இவாட்டா தம்முடைய சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலையில், 55 வயதில், காலமானார்.

'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றும். மருந்தாகவும் தனிச் சிறப்பு இல்லை. வியாபாரமாகவும் ஒரு தலைமுறைக்கூட நிற்கவில்லை. ஆனாலும் இந்தக் கதை ஓர் உண்மையைச் சாட்சியோடு நிரூபித்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. கருவி மாறிய அன்றே, "எனக்கு வராது" என்று ஒதுங்கியிருந்தவர்கள் ஆட வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வயது ஒரு நாள்கூடக் குறையவில்லை. மூளை கூர்மையாகிவிடவில்லை. கதவு மட்டும் திறந்தது.

இன்றைக்கு வங்கிப் பணமும், ரயில் டிக்கெட்டும், வைத்தியரைப் பார்க்கும் நேரமும் கைபேசிக் கண்ணாடிக்குள்ளே போய்விட்டன. பெரியவர்கள் அதன்மேல் விரலை வைத்துவிட்டு, பயந்து எடுத்துக்கொள்கிறார்கள், பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். விளையாட்டு வராவிட்டால் நஷ்டமில்லை. தம் பென்ஷனைத் தாமே எடுக்க முடியாவிட்டால் அது மானப் பிரச்னை. "இந்தக் காலத்துச் சமாசாரம் அவர்களுக்குப் புரியாது" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுடைய கைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று, அந்தக் கண்ணாடியைச் செய்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?