சூரத் முதல் பார்க் ஸ்ட்ரீட் வரை: நகரக் கல்லறைத் தோட்டத்தின் முன்வரலாறு

முன்னுரை

தேவாலய முற்றத்தை விட்டு விலகி, ஊருக்கு வெளியே, தனித்தனி நினைவுச் சின்னங்களோடு அமைந்த பெரிய கல்லறைத் தோட்டம் ஐரோப்பாவில் பிறந்த வழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பாரிஸின் பெர் லாஷேஸ் (1804) அதன் தொடக்கமாகவும், லண்டனின் கென்சல் கிரீன் (1833), ஹைகேட் (1839) ஆகியவை அதன் தொடர்ச்சியாகவும் சொல்லப்படுகின்றன. ஆனால், கல்கத்தாவின் தெற்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் 1767லேயே திறக்கப்பட்டுவிட்டது. பெர் லாஷேஸுக்கு அது 37 ஆண்டுகள் மூத்தது. இந்த வழக்கம் இந்தியாவின் வணிக நகரங்களில் உருவான விதத்தையும், கல்கத்தாவில் அது எட்டிய வடிவத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சூரத்தும் சென்னையும்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வாக்குள்ளவர்களைத் தேவாலயத்துக்குள்ளும், மற்றவர்களை அதன் முற்றத்திலும் புதைத்தார்கள். சூரத்தில் வணிகம் செய்த ஆங்கிலேயருக்கு அந்த வசதி இல்லை. நகர மதிலுக்கு வெளியே இடம் பெற்றுத்தான் புதைக்க வேண்டியிருந்தது. தடையாக வந்தது வாய்ப்பாகவும் மாறியது. முகலாயப் பிரபுக்களின் குவிமாடச் சமாதிகளைக் கண்முன் கண்டவர்கள், அவற்றுக்கு ஈடாகத் தங்களுக்கும் கட்டிக்கொண்டார்கள். 1659ல் இறந்த கிறிஸ்டோபர் ஆக்ஸென்டனும் 1669ல் இறந்த அவர் சகோதரர் ஜார்ஜும் அடங்கியிருக்கும் அடுக்குக் குவிமாட மண்டபம் இதற்குச் சான்று. டச்சுக்காரர்களும் பின்தங்கவில்லை. மலபார்த் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலை உருவாக்கிய வான் ரீட் 1691ல் இறந்தபோது, அவருக்குச் சூரத்தில் எழுந்த சமாதி ஆங்கிலேயருடையதை விஞ்சும் அளவுக்குப் பெரியது.

சென்னையிலும் கோட்டைக்கு வெளியே ஒரு புதைநிலம் இருந்தது. கவர்னர் எலிஹு யேலின் 1688ல் இறந்த மகன் டேவிட்டும், யேலின் மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கிய இடத்தில் உயர்ந்த கூர்நுனித் தூண் ஒன்று எழுந்தது. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அதை இன்றும் காணலாம். அதைச் சூழ்ந்திருந்த மற்ற சமாதிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையினர் அச்சமாதிகளுக்குப் பின்னால் மறைந்து கோட்டையைத் தாக்கினார்கள். முற்றுகை நீங்கியதும் அவை இடிக்கப்பட்டு, கல்வெட்டுப் பலகைகள் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

கல்கத்தாவில் இடநெருக்கடி

கல்கத்தாவின் முதல் ஆங்கிலேயப் புதைநிலம் நகரின் நடுவில், இன்று புனித ஜான் தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1693ல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அவர் கல்லறைப் பலகையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வண்டல் மண்ணாலான வங்காளத்தில் அத்தகைய கல் கிடைக்காது. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியிலிருந்து அது வந்தது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ல் அந்தப் பாறை வகைக்கு ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டுக் குன்று ஒன்றின் கல், கல்கத்தாவில் புதைந்த ஒருவரின் பெயரோடு உலகப் புவியியலில் வழங்குவது இப்படித்தான்.

பிளாசிப் போருக்கும் (1757) வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமைக்கும் (1765) பின்னர் கம்பெனியாரின் எண்ணிக்கை பெருகியது, சாவும் பெருகியது. பழைய நிலம் நிரம்பவே, 1767ல் ஊரின் தென்கிழக்குப் புறத்தில் புதிய நிலம் திறக்கப்பட்டது. அங்கே செல்லும் சாலைக்கு ‘பரியல் கிரவுண்ட் ரோடு’ என்று பெயர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்காவை ஒட்டிப் பார்க் ஸ்ட்ரீட் என்ற பெயர் பின்னால் வந்தது.

செங்கல்லும் சுண்ணாம்பும்

ஏறத்தாழ 1,600 கல்லறைகள் கொண்ட இத்தோட்டத்தில் பிரமிடுகள், கூர்நுனித் தூண்கள், தூண் மண்டபங்கள், குவிமாடங்கள் ஆகியவை அருகருகே நெருங்கி நிற்கின்றன. கல் அரிதான ஊரில் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியே பெரும்பாலானவை எழுந்தன. பெயர் பொறிக்கும் பலகை மட்டும் கல்லால் ஆனது. சாந்து பெயர்ந்த இடங்களில் உள்ளிருக்கும் செங்கல் வரிசை வெளியே தெரிகிறது. கிரேக்கக் கோயிலின் தோற்றமும் எகிப்தியப் பிரமிடின் தோற்றமும் வங்காளக் கொத்தனாரின் கரண்டியில் உருவானவை. இவ்வளவு பெரிய சின்னங்களை இவ்வளவு விரைவில் கட்ட முடிந்ததற்கு இந்தக் கட்டுமான முறை முக்கியக் காரணம்.

அடங்கியோர்

தோட்டத்தில் மிக உயரமான தூண் சர் வில்லியம் ஜோன்ஸுடையது. 1784ல் ஆசியக் கழகத்தை நிறுவியவர். 1786ல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று உரையாற்றியவர். 1794ல் 47 வயதில் இறந்தார். திபெத்துக்குத் தூது சென்ற ஜார்ஜ் போகிள் (1781), சிப்பூர்த் தாவரவியல் பூங்காவை நிறுவிய ராபர்ட் கிட் (1793) ஆகியோரும் இங்கே இருக்கிறார்கள். 1800ல் 20 வயதில் இறந்த ரோஸ் எய்ல்மரின் சமாதி, முறுக்கிய பள்ளங்களோடு கூம்பாக எழுகிறது. அவரை நினைத்து லாண்டர் எழுதிய கவிதை ஆங்கில இலக்கியத்தில் நிலைத்துவிட்டது.

இரண்டு கல்லறைகள் தனிக் கவனத்துக்குரியவை. ஒன்று, ‘இந்து ஸ்டூவர்ட்’ என்று அழைக்கப்பட்ட மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டுடையது (1828). நாள்தோறும் கங்கையில் நீராடி, தெய்வச் சிலைகளைச் சேகரித்தவர். அவர் சமாதியும் இந்துக் கோயிலின் வடிவிலேயே இருக்கிறது. மற்றது ஹென்றி டிரோசியோவுடையது. போர்த்துகீசிய வழி யூரேசியரான இவர் இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, வங்காள இளைஞர்களிடம் பகுத்தறிவு விவாதத்தைத் தூண்டினார். அதனாலேயே 1831ல் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் இறந்தபோது வயது 22. முகலாயப் பாணியைப் போட்டிக்கு எடுத்துக்கொண்ட சூரத் வணிகனுக்கும், கோயிலைத் தன் விருப்பமாகத் தேர்ந்த ஸ்டூவர்ட்டுக்கும் இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் உறவின் தன்மையே மாறியிருக்கிறது.

மாற்றம்

1830 வாக்கில் இங்கே அடக்கம் செய்வது ஏறத்தாழ நின்றது. 1840ல் லோயர் சர்க்குலர் ரோட்டில் புதிய தோட்டம் திறக்கப்பட்டது. கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தாவின் (1873) கல்லறை அங்கேதான் இருக்கிறது. பிரமிடுகள் அங்கே தொடரவில்லை; சிறிய சின்னங்களும் சிலுவைகளும் வந்தன. சாலைக்கு எதிர்ப்புறமிருந்த வடக்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை அடங்கியிருந்தார். அத்தோட்டம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அகற்றப்பட்டது. தெற்குத் தோட்டம் தப்பியது. தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளைக் காக்க 1976ல் பிரிட்டனில் தொடங்கிய சங்கமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து அதைச் சீர்படுத்தின.

முடிவுரை

பாரிஸ் கல்கத்தாவைப் பார்த்துக் கற்றது என்று சொல்வதற்கில்லை. நிரம்பி வழிந்த இன்னொசென்ட்ஸ் புதைநிலம் 1780ல் மூடப்பட்டதே அங்கு மாற்றத்தைத் தூண்டியது. லண்டனின் கதை வேறு. கட்டடக் கலைஞர் ஜான் வான்ப்ரூ இளமையில் சூரத்தில் கம்பெனிப் பணியில் இருந்தவர். 1711ல் லண்டனில் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டும் ஆணையத்துக்கு, இறந்தவர்களை நகர்ப்புறத்துக்கு வெளியே அடக்கம் செய்யலாம் என்று பரிந்துரைத்தார்; சூரத் ஆங்கிலேயக் கல்லறைகளையே முன்மாதிரியாக வரைந்தும் காட்டினார். அது அப்போது முழுமையாக ஏற்கப்படவில்லை. அதே யோசனை லண்டனில் நிறைவேற இன்னும் 120 ஆண்டுகள் ஆயின. அதற்குள் தெற்குப் பார்க் ஸ்ட்ரீட் திறந்து, நிரம்பி, ஓய்ந்தும் விட்டது. நவீன நகரக் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் முதல் அத்தியாயத்தைச் சூரத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு.