மசில் கார் புதுப்பிப்பில் வயரிங்கும் இறுதி வேலைகளும்

நடுத்தர அளவுள்ள அமெரிக்கக் காரில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்தி, 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை விற்கப்பட்ட வண்டிகளே மசில் கார்கள். போன்டியாக் ஜி.டி.ஓ. 1964-இல் 389 கன அங்குல இன்ஜினோடு வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. செவர்லே செவெல் எஸ்.எஸ்., பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர் முதலியவை பின்தொடர்ந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின, 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அத்தோடு இவற்றின் காலம் முடிந்தது. இந்த வண்டிகளை வீட்டு கராஜிலேயே புதுப்பிப்பது அமெரிக்காவில் பலருக்கும் விருப்பமான வேலை. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் வேலைகளை முடித்துவிடுபவர்கள்கூட வயரிங், பெயின்ட், உட்புறம் என்ற கடைசிக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள். இம்மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பவை. வரிசை தவறினால் முடித்த வேலையை மறுபடி பிரிக்க நேரும்.

பழைய மின்னமைப்பு

இந்தக் கார்கள் 12 வோல்ட் பேட்டரியில், நெகட்டிவ் எர்த் முறையில் இயங்குபவை. விளக்குகள், ஹார்ன், வைப்பர், ஹீட்டர், ரேடியோ ஆகியவற்றைத் தாண்டி மின்சாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 37 முதல் 63 ஆம்பியர் வரை தரும். ஃபியூஸ் பெட்டியில் ஒரு சில கண்ணாடி ஃபியூஸ்களே இருக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. அதற்கான மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றிப் போவதால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கி, விளக்கு மங்கும்.

கிரைஸ்லர் குழும வண்டிகளில் இன்னொரு பலவீனம் உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்னோட்டம் ஃபயர்வாலில் உள்ள கனெக்டரைக் கடந்து, டேஷ்போர்டு அம்மீட்டருக்குள் புகுந்து, மீண்டும் அதே கனெக்டர் வழியாக வெளியேறுகிறது. முனைகளில் சிறிது துரு ஏறினாலும் அந்த இடம் சூடாகி பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கக்கூடும். இதனால் பலர் அம்மீட்டரை விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பக்கம் நேராக ஒரு தடித்த வயரை இழுத்து, டேஷ்போர்டில் வோல்ட்மீட்டர் வைக்கிறார்கள். அசல் தோற்றத்தில் பிடிவாதமாக இருப்பவர்களும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொள்வது நல்லது.

ஐம்பது ஆண்டு கடந்த வயரின் உறை விறைத்து வெடித்திருக்கும். முன்னாள் உரிமையாளர்கள் டேப் பிளேயருக்கும் கூடுதல் விளக்குக்கும் அறுத்து ஒட்டிய இடங்கள் வேறு. இதை ஒட்டுப்போட்டுப் பிழைக்க வைப்பதைவிட வயர்களின் முழுத் தொகுப்பான ஹார்னஸையே மாற்றுவது பாதுகாப்பானது.

ஹார்னஸ் தேர்வு

இரண்டு வழிகள் உள்ளன. எம் அண்ட் எச் போன்ற நிறுவனங்கள் ஆலையில் வந்தபடியே கனெக்டர், நிறம் எல்லாம் பொருந்தும் ஹார்னஸைச் செய்து தருகின்றன. காட்சிக்கு வைக்கும் அசல் வண்டிக்கு அது ஏற்றது. அமெரிக்கன் ஆட்டோவயர், பெயின்லெஸ் ஆகியவற்றின் நவீன ஹார்னஸ்களில் பிளேடு ஃபியூஸ் பெட்டியும், மின்விசிறி, ஏ.சி. முதலியவற்றுக்கான கூடுதல் சுற்றுகளும் உண்டு. ஓட்டுவதற்காகவே கட்டும் வண்டிக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

எதை வாங்கினாலும் பழைய நிற ஒழுங்கைக் கைவிடக்கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஊதா ஸ்டார்ட்டருக்கு, பழுப்பு பார்க்கிங் விளக்குக்கு, மஞ்சள் பின்புற இடது இண்டிகேட்டருக்கு, கரும்பச்சை பின்புற வலதுக்கு. பழுதை இருட்டில் தேடும்போது இந்த ஒழுங்குதான் கைகொடுக்கும்.

வயரின் தடிமனைக் கேஜ் எண் சொல்லும். எண் குறையக் குறைய வயர் தடிக்கும். பின் விளக்குக்கு 16 அல்லது 18 கேஜ் போதும். 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் பழைய 10 கேஜ் சார்ஜிங் வயர் தாங்காது. 6 கேஜுக்குப் போக வேண்டும். வயரைக் காக்கும் ஃபியூசிபிள் லிங்க், காக்கப்படும் வயரைவிட 4 கேஜ் மெல்லியதாக இருப்பது வழக்கம்.

டெர்மினல் பொருத்துவதில் நிதானம் வேண்டும். டெர்மினலின் வாலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்ஜோடி உரித்த செம்பு இழைகளையும், பின்ஜோடி உறையையும் கவ்வ வேண்டும். சாதாரண இடுக்கியால் நசுக்கினால் இறக்கைகள் தட்டையாகப் படியும், இழைகள் உள்ளே தளர்ந்தே கிடக்கும். அதற்கென்ற கிரிம்பிங் கருவியோ இறக்கைகளைச் சுருட்டி இழைகளுக்குள் இறக்கிவிடும். கிரிம்ப் செய்தபின் ஒவ்வொரு வயரையும் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

பெயின்ட்

பெயின்டுக்கு முன்பே கதவு, பானெட், டிக்கி, மட்கார்டு எல்லாவற்றையும் பொருத்தி இடைவெளிகளைச் சமப்படுத்திவிட வேண்டும். வெல்டிங்கையும் ஹார்னஸுக்கான கூடுதல் துளைகளையும் இந்தக் கட்டத்துக்குப் பின் தள்ளிவைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கரும், ஃபோர்டும் கிரைஸ்லரும் அக்ரிலிக் எனாமலும் அடித்தன. இன்று எபாக்சி பிரைமர், பட்டி, தேய்க்கும் பிரைமர், அதன்மேல் கலர், கடைசியாக யூரித்தேன் கிளியர் கோட் என்பதே நடைமுறை. கிளியர் காய்ந்தபின் 1500, 2000, 3000 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் செய்வார்கள்.

கிளியர் கோட்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாதவர், கிளியர் அடிப்பதை மட்டுமாவது பெயின்ட் கடையிடம் விட்டுவிட வேண்டும்.

எர்த்

காரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி இரும்பு உடல்தான். துருவைச் சுரண்டி அழகாகப் பெயின்ட் அடித்ததும் அந்த வழி அடைபடுகிறது. சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். புதிதாக முடித்த வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் எதிர்ப்பக்க விளக்கும் மினுங்குவது, பிரேக் மிதித்தால் பெட்ரோல் முள் ஆடுவது போன்ற விசித்திரங்களுக்குப் பெரும்பாலும் எர்த் கோளாறே காரணம்.

செவெல், ஜி.டி.ஓ. போன்றவற்றில் உடலும் சேசிஸும் தனித்தனி. நடுவே ரப்பர் புஷ்கள். இன்ஜினும் ரப்பர் மவுன்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குத் தடித்த கேபிள், இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்குப் பின்னல் பட்டை, இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு இன்னொன்று, பேட்டரியிலிருந்து முன்பக்க உடலுக்கு ஒரு சிறு வயர் என்று எல்லாம் தேவை. மஸ்டாங் போன்ற ஒற்றை உடல் வண்டிகளிலும் போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டுகளுக்கு இதே கவனம் வேண்டும். எர்த் இடங்களில், ரிங் டெர்மினலின் அகலத்துக்கு மட்டும் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்கி, துரு ஏறாதபடி மேலே கிரீஸ் தடவுவார்கள். பெயின்ட் அடிக்கும்போதே அந்த இடங்களை டேப்பால் மறைத்துவிட்டால் சுரண்டும் வேலையும் இல்லை.

முதல் மின்சாரம்

ஹார்னஸைப் பொருத்தியதும் பேட்டரியை நேராக இணைப்பது ஆபத்து. எல்லா ஃபியூஸையும் கழற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைத் தொடராக வைப்பார்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கையில் பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எரியாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்கலாம்.

பின் விளக்கில் பலர் குழம்புவார்கள். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழையே எரிவதால், பிரேக் மின்சாரம் ஸ்டீயரிங் தண்டிலுள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகவே பின்னால் போகிறது. பிரேக் விளக்கு ஒருபக்கம் மட்டும் எரிந்தால் அந்த சுவிட்சையும் பார்க்க வேண்டும். எல்.ஈ.டி. பல்பு போட்டால் பழைய பிளாஷர் துடிக்காது. எலக்ட்ரானிக் பிளாஷர் வேண்டும்.

பெட்ரோல் டேங்கின் சென்சாரும் மீட்டரும் இணங்க வேண்டும். 1965-க்குப் பின் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்த டேங்குக்கு 90 ஓம். ஃபோர்டில் கணக்கு தலைகீழ்: காலிக்குச் சுமார் 73, நிறைவுக்குச் சுமார் 10. கலந்து மாட்டினால் முள் பொய் சொல்லும்.

முதல் ஸ்டார்ட்

புதிய ஃபிளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின், ஸ்டார்ட் ஆன உடனே சுமார் 2000 ஆர்.பி.எம்.-இல் 20 நிமிடம் ஓட வேண்டும். துத்தநாகச் சேர்ப்புள்ள ஆயில் அவசியம். ஸ்டார்ட் ஆகாமல் நெடுநேரம் சுழற்றினால் கேம் முனைகள் தேய்ந்துவிடும். இக்னிஷன், ஆயில் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றின் வயரிங்கை முன்பே சோதித்து முடிப்பது இதற்காகத்தான். டிஸ்ட்ரிப்யூட்டரை எடுத்துவிட்டு, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி மீட்டரில் அழுத்தம் ஏறுவதையும் பார்த்துவிடுவார்கள்.

இக்னிஷனில் ஒரு சிக்கல் உண்டு. பாயின்ட் வகை இக்னிஷனின் பழைய காயிலுக்கு, இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட்டைக் குறைத்துத் தர ஒரு மின்தடை வயர் அமைத்திருந்தார்கள். 1970-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த எச்.இ.ஐ. இக்னிஷனுக்கு முழு 12 வோல்ட் வேண்டும். எச்.இ.ஐ.-க்கு மாறியபின்னும் பழைய மின்தடை வயர் இருந்தால் ஸ்பார்க் பலவீனமாகும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஹெட்லைட் எரியும்போது இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

உட்புறம்

கார்ப்பெட், சீட், டேஷ் பேட் எல்லாம் மின்சோதனை முடிந்தபின்னரே உள்ளே போக வேண்டும். கூரைத் துணியைப் பொருத்திய பிறகு முன், பின் கண்ணாடிகளும், கடைசியில் புது ரப்பர் பீடிங்கும். புது பீடிங் தடிப்பாக இருப்பதால் கதவு முதலில் இறுக்கமாகத்தான் மூடும். சில வாரங்களில் படிந்துவிடும். அதற்காகக் கீலைத் தளர்த்துவது தவறு. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எர்த் போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் மறுபடி முறுக்கி, ஹார்னஸ் எக்ஸாஸ்டையோ தகட்டின் விளிம்பையோ உரசுகிறதா என்று பார்த்து, ஹெட்லைட்டின் கோணத்தைச் சரிசெய்வதோடு வேலை முடிகிறது.