நாற்பது ஷில்லிங்

நாவல் எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் பெரிய தொகைகளைவிடச் சின்னத் தொகைகளின் மேல்தான் கண் போகும். என் மனத்தில் வெகுநாளாகத் தங்கிவிட்ட தொகை 40 ஷில்லிங். 1834-ம் வருஷம் அயர்லாந்தில் ஒரு விதவை கட்டவேண்டியிருந்த தசமபாகப் பாக்கி அது.

தசமபாகம் என்றால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. பழைய ஏற்பாட்டுக் காலத்து வழக்கம். பிற்காலத்தில் ஐரோப்பாவில் சட்டமாயிற்று. அயர்லாந்தில் நடந்த விபரீதம் என்னவென்றால், குடியானவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பங்கு போய்ச் சேர்ந்ததோ ஆங்கிலிகன் குருமாருக்கு! போதாததற்கு, 1735 முதல் 1823 வரையில் மேய்ச்சல் நிலத்துக்கு விலக்கு வேறு. மந்தை மந்தையாக மாடு வளர்த்த கனவான் தப்பித்துக்கொண்டார். உருளைக்கிழங்கு பயிரிட்ட ஏழை அகப்பட்டுக்கொண்டான்.

1831 வாக்கில் ஜனங்கள் கட்ட மறுத்தார்கள். ஆடுமாடுகளை ஜப்தி செய்யப் போலீஸ் வந்தது. 1834 டிசம்பர் 18-ம் தேதி, கார்க் மாவட்டத்து ராத்கார்மக் அருகே, அந்த 40 ஷில்லிங்கை வசூலிக்க ஆர்ச்டீக்கன் ரைடர் பட்டாளத்துடன் போனார். துப்பாக்கிகள் வெடித்தன. 12 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இந்த ஜனங்கள் கருமிகளா? இல்லவே இல்லை. தங்கள் குருமாரைத் தங்கள் கைப்பணத்தாலேயே காப்பாற்றி வந்தவர்கள். 1824 முதல் டானியல் ஓகானலின் உரிமைப் போராட்டத்துக்கு மாதம் ஒரு பென்னி வீதம் கொடுத்தவர்களும் அவர்களே.

அப்படியானால் மனமுவந்த காணிக்கையில் குறையே இல்லையா? உண்டு. 1785-ல் மன்ஸ்டர் பகுதியில் கிளம்பிய ‘ரைட்பாய்ஸ்’ என்ற ரகசியக் கூட்டத்தார், தசமபாகத்தோடு கத்தோலிக்கக் குருமார் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வாங்கிய கட்டணத்தையும் குறைக்கச் சொன்னார்கள். சட்டம் வசூலிக்காததை ஊரார் பார்வை வசூலித்துவிடும்!

1838-ல் தசமபாகம் கால் பங்கு குறைக்கப்பட்டு, நிலச்சுவான்தார் கட்டும் வரியாக மாறியது. 1869-ம் வருஷத்துச் சட்டப்படி, 1871 ஜனவரி 1 முதல் ஆங்கிலிகன் சபை அரசாங்கத்தினின்றும் பிரிந்தது. அதற்குப் பின் அங்கத்தினர் காணிக்கையைப் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. சபை அழிந்துவிடவில்லை, இன்றும் இருக்கிறது.

பத்தில் ஒன்று என்று தனக்குத்தானே ஓர் அளவு வைத்துக்கொள்கிறவரை நான் வணங்குகிறேன். ஆனால், கொடாதவன் பெயரை ஏட்டில் குறிக்கத் தொடங்கும் நாளில், காணிக்கை வரியாகிவிடுகிறது. வரி என்றால் பின்னாலேயே ஜப்தியும் வரும். அந்த விதவை வீட்டு வாசலுக்கு அது துப்பாக்கியோடு வந்தது.