எதிர்பார்த்த அடி விழாதபோது

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது வியன்னா நகரம் பசியால் வாடிக் கிடந்தது. கவனிப்பாரின்றித் தெருவுக்கு வந்த சிறுவர்கள் பலர் திருட்டிலும் அடிதடியிலும் இறங்கியிருந்தனர். அத்தகையோருக்காக ஓபர்ஹொல்லாப்ருன் என்னும் ஊரில், பழைய அகதி முகாமின் கொட்டகைகளில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன் என்னும் ஆசிரியர்.

சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்தபோது, எக்குழுவிலும் அடங்காத முரடர்கள் பன்னிருவர் எஞ்சினர். அவர்களை இரு பெண் ஊழியர்களின் துணையுடன் ஐக்ஹார்ன் தாமே ஏற்றுக்கொண்டார். அவர்களின் கடந்த காலத்தை ஆராய்ந்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது: அனைவரும் பாசமறியாமல், கொடிய அடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். எனவே, என்ன நேர்ந்தாலும் கடுமை காட்டுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். காயம் நேராமல் காப்பது மட்டுமே ஊழியர்களின் தலையீடாக இருந்தது.

நிலைமை முதலில் மோசமடைந்தது. கண்ணாடிகள் நொறுங்கின, கதவுகள் உதைபட்டன. சாப்பாட்டு மேசையை விட்டு ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து உண்டனர். தன் முரட்டுத்தனத்திற்குப் பதிலாக ஓர் அடியை எதிர்பார்த்தே அவன் பழகியிருந்தான். அது வராதபோது இன்னும் மூர்க்கமாக முயன்றான். ஒருநாள் ஒருவன் மற்றவனின் கழுத்தருகே கத்தியை நீட்டி மிரட்டினான். அது வெறும் பாசாங்கு என்பதை உணர்ந்த ஐக்ஹார்ன் அசையாமல் நின்றார். சிறுவன் கத்தியை வீசியெறிந்து, காலை உதைத்து, களைத்து உறங்கும்வரை அழுதான். ஏனையோரும் இத்தகைய அழுகையைக் கடந்தே அமைதிக்கு வந்தனர்.

இந்த அனுபவத்தை அவர் 1925-இல் நூலாக வெளியிட்டார். சிக்மண்ட் பிராய்ட் அதற்கு முன்னுரை எழுதினார்.

பிறர் வலியை உணராதவன் என்று ஒரு சிறுவனை நாம் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறோம். அவன் வலியை யாரேனும் உணர்ந்ததுண்டா என்று கேட்பதில்லை. ஐக்ஹார்னின் மென்மை கண்டும் காணாமல் விடுவது அன்று. அவர் ஒவ்வொரு நாளும் அவர்களுடன் இருந்தார், கவனித்தார், பொறுத்தார். எத்தீம்கானாக்களிலும் விடுதி மதரசாக்களிலும் பிறர் பிள்ளைகளை அமானிதமாகப் பெற்றிருக்கும் நாம், கை ஓங்கும் முன் அப்பன்னிருவரை நினைத்துப் பார்ப்போம். நம்மிடமும் அதே அடியை எதிர்பார்த்து ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கலாம்.