தோள்சீலையும் பள்ளிக்கூடமும்

உடை என்பது உடலை மறைப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. உடுத்தியவர் எந்நாட்டினர், எச்சமயத்தினர், எந்நிலையினர் என்பதைப் பேசாமலே பேசுவது அது. ஆதலால்தான் பள்ளிக்கு வரும் பிள்ளை எதை உடுத்தலாம் என்னும் வினா, காண்பதற்குச் சிறியதாயினும், அரசவை வரையிலும் நீதிமன்றம் வரையிலும் சென்றிருக்கின்றது. நம் குழந்தைகள் பள்ளி விழா மேடையில் வேறு வேறு மக்களின் உடைகளைப் புனைந்து நிற்கும்போது, ‘உடைதானே, இதில் என்ன இருக்கின்றது?’ என்று எண்ணி மகிழ்கின்றோம். அதில் எத்துணை இருந்தது என்பதைத் தென்திருவிதாங்கூரின் வரலாறு நமக்குக் காட்டும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டில் மேலாடை வெறும் துணியாக இருக்கவில்லை. படிநிலையின் அளவுகோலாக இருந்தது. தம்மினும் உயர்ந்தார் முன்னிலையில் மேலாடையை நீக்கி நிற்பதே பணிவின் அடையாளம் எனப்பட்டது. நாயர் குலப் பெண்டிரும் நம்பூதிரியர் முன் அவ்வாறே நின்றனர். ஆனால் நாடார் முதலிய குலத்துப் பெண்டிர்க்கோ தோள்சீலை எப்போதுமே மறுக்கப்பட்டிருந்தது. எவரைக் கண்டாலும் பணிய வேண்டியவர் என்று அவர்கள் கருதப்பட்டதே அதன் காரணம். இவ்வழக்கம் சமய ஒழுக்கத்தோடும் தீட்டுக் கொள்கையோடும் பிணைந்து கிடந்தமையால், இதனை மாற்றுவது அறத்தையே மாற்றுவதாகும் என்று உயர்குலத்தார் பலர் மெய்யாகவே நம்பினர்.

இந்நிலையில்தான் பள்ளிக்கூடம் வந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர்தம் துணைவியார் மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். அம்மையார் பெண்களுக்கென விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு தையலும் சரிகைப் பின்னலும் கற்பித்தார். மாணவியர்க்கும் மதம் மாறிய பெண்டிர்க்கும் தளர்ந்த சட்டை ஒன்று தைத்து அணிவிக்கப்பட்டது. ஊசி பிடிக்கக் கற்ற கை, தன் மானத்தையும் தானே தைத்துக்கொள்ளலாயிற்று எனலாம்.

அச்சட்டைக்கு அரசின் இசைவும் ஒருவாறு இருந்தது. கர்னல் மன்றோ 1813-இல் கிறித்தவப் பெண்டிர் மேலாடை அணியலாம் என ஆணையிட்டார். சாதி வேற்றுமை அழிந்துவிடும் என்று அரசவையினர் முறையிடவே, அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் அணிந்த குப்பாயம் என்னும் சட்டைக்கு மட்டும் இசைவு நின்றது. ‘உனக்கு ஓர் உடை, அவளுக்கு ஓர் உடை’ என்று பிரித்து அமைதி காணும் முயற்சி அது. ஆனால் அப்பெண்கள் விரும்பியது துணி மட்டுமன்று, நிகர்மையும் ஆகும். சட்டையின்மேல் நாயர் குலப் பெண்டிரைப் போலவே அவர்கள் தோள்சீலையும் இட்டுக்கொண்டனர்.

அதன்பின் நிகழ்ந்தவை துயரமானவை. 1822 முதல் கலகங்கள் மூண்டன. பொது இடங்களில் பெண்களின் மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. 1820-களின் இறுதியில் கோயில்களோடு பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரசப் பிரகடனம், குப்பாயம் அணியலாம், தோள்சீலை கூடாது என்று பழைய எல்லையையே மீண்டும் வரைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1858-59-இல் கலகம் மறுபடியும் வெடித்தது. திவான் மாதவராவ் காலத்தில், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின்னர், உத்திரம் திருநாள் மன்னர் 1859 சூலை 26 அன்று புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்டிர் எச்சமயத்தவராயினும் மார்பை மூடலாம் என்றது அது. அப்போதும், உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அன்று என்னும் தடை ஒட்டிக்கொண்டே வந்தது!

இதனை மதமாற்றத்தின் கதையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சாமிதோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் (1809-1851), தம்மைப் பின்பற்றிய ஆடவரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். பிறர்முன் தலை தாழ்ந்து நின்றவர்கள், இறைவன் திருமுன் தலைப்பாகையோடு நின்றனர். சமயம் வேறாயினும் வேட்கை ஒன்றே.

இவ்வரலாற்றுக்கு நம் காலத்தில் ஒரு பின்னிகழ்ச்சியும் உண்டு. மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் தோள்சீலைப் போராட்டமும் இடம்பெற்றிருந்தது. நாடார்கள் பிற பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பது போன்ற வாசகங்களுக்குத் தமிழகத்தில் 2012-இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2016 இறுதியில் அப்பகுதி தேர்வுக்குரியதன்று என வாரியம் அறிவித்தது. 2019-இல் அப்பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. தவறான வாசகத்தைத் திருத்தக் கோருவது நியாயமே. ஆயினும் திருத்த வேண்டியதை நீக்கிவிட்டால், இழப்பு யாருக்கு? தன் பாட்டியின் பாட்டி ஒரு முழத் துணிக்காக அடிபட்டு நின்ற வீரத்தை அறியாமல் வளரும் பிள்ளைக்கே அன்றோ!

பிறர் மனம் நோகாமை வேறு, பேசாமை வேறு. முன்னது பண்பு, பின்னது மறதிக்கு வழி. தாய்நிலம் விட்டு வந்து, வேற்று மொழியினர் நடுவே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்வேறுபாடு மிகவும் வேண்டுவது. மாறுவேடப் போட்டிக்கு நம் குழந்தை ஒரு மக்களின் உடையை அணியுமுன், அவ்வுடை அவர்க்கு வழிபாடா, மதிப்பா, வடுவா என்று கேட்டறிந்து சொல்லிக்கொடுப்போம். நெற்றியில் நீறும் இடையில் வேட்டியுமாக ஒரு ‘மதராசி’ சிரிப்புக்கு உரியவனாக மேடையேற்றப்படும்போது நமக்கு நோவதுபோலவே, பிறர்க்கும் நோகும் அன்றோ! பாடநூலில் இடமிழந்த வரலாற்றையோ, வீட்டுத் திண்ணையிலும் சங்க மேடையிலும் நாமே சொல்வோம். ஊசியும் நூலும் கொண்டு ஒரு தலைமுறை தைத்த மானம், அடுத்த தலைமுறையின் அறியாமையால் கிழிதல் ஆகாது.